தீவகத்துச் சாயவேரும் கட்டில்விரிப்பின் கோலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பரந்துள்ள தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் தாயகத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அனலைதீவு றொட்டடாம் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், நெடுந்தீவு டெல்வ்ற் எனவும் வழங்கப்பட்டன. இவற்றுள் நெடுந்தீவின் பெயர் மாத்திரமே இன்றும் அயலார் நாவிலே நிலைத்துள்ளது. ஊர்காவற்றுறையையும் வேலணையையும் சாட்டியையும் தன்னகத்தே கொண்ட தீவுக்கு அவர்கள் இட்ட பெயர் லெய்டன் என்பதாகும். ஒல்லாந்து நாட்டு லெய்டன் 17ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பாவின் தலைசிறந்த கம்பளித்துணி நகரங்களுள் ஒன்று. ஹார்லெம் நகரோ துணி வெளுப்பதிற் பேர்பெற்றது. பெயரிட்டவர் துணியை மனத்திற் கொண்டு பெயரிட்டார் என்று கொள்வதற்கில்லை. எனினும், துணிக்கு நிறம் ஊட்டும் வேரொன்றை மணலடியில் வைத்திருந்த தீவகத்திற்கு இரு துணி நகரங்களின் பெயர்கள் வாய்த்தமை, தற்செயலே ஆயினும் சுவையானது.

அவ்வேரிலிருந்து பெற்ற செந்நிறமும், அந்நிறம் பூண்ட கட்டில்விரிப்புகளும் பஞ்சுப்போர்வைகளும், அவற்றின் கோலத்தை வகுத்தவர் யார் என்னும் வினாவுமே இக்கட்டுரையின் பொருளாகும். துணியிலே கோலம் வகுத்து விற்று வாழ்தல் இன்று தனியொருவர் வீட்டிலிருந்தே நடத்தக்க சிறு தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழிலின் முன்வரலாற்றை ஐரோப்பிய நூல்கள் பெரும்பாலும் கடலின் அக்கரையிலிருந்தே கூறுகின்றன. வேர் முளைத்த இக்கரையிலிருந்தும் அதனை நோக்குதல் தகும்.

சாயவேர் என்றும், மருத்துவ நூல்களில் இம்பூறல் என்றும் வழங்கப்படும் செடி, தரையோடு தரையாகப் படரும் எளிய பூண்டு. அதன் பூ கண்ணிற்படாத அளவு சிறியது. செடியின் செல்வம் முழுவதும் மண்ணுக்குள்ளே மெல்லிதாய் நீண்டு இறங்கும் வேரிலும், குறிப்பாக அவ்வேரின் பட்டையிலுமே உள்ளது. மணற்பாங்கான கடற்கரை நிலத்தை அது விரும்புகிறது. சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த மணலில் வளர்ந்த வேர் கூடுதலான ஒளியுடைய செந்நிறத்தைத் தரும் என்பதைச் சாயத்தொழிலாளர் பட்டறிவால் அறிந்திருந்தனர். கிருஷ்ணா நதிக் கழிமுகத்துச் சிவப்பு புகழ்பெற்றமைக்கும் இதுவே காரணம் என்பர். சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த நமது தீவகத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சாட்டிக் கடற்கரையின் வெண்மணலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் சிப்பித்துகள் கையில் ஒட்டும். அம்மணலுக்கு அணித்தே நன்னீர்க் கிணறுகளும் உள. சாயத்தொழிலுக்கு வேரை அடுத்து வேண்டியது நல்ல நீரே.

மன்னாரிலும் வன்னிக் கரையிலும் குடாநாட்டின் மணல்வெளிகளிலும் தீவகத்திலும் இவ்வேர் அகழப்பட்டது. அதனை அகழ்வதையே குலத்தொழிலாகக் கொண்டோர் வேர்குத்தியர் எனப்பட்டனர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், யானையையும் சங்கையும் போலவே சாயவேரையும் கொம்பனியின் தனியுரிமைப் பொருளாக்கினர். வேர்குத்தியர் தாம் அகழ்ந்த வேரைக் கொம்பனி நிர்ணயித்த விலைக்குக் கொம்பனிக்கே ஒப்புவித்தல் வேண்டும். பிறருக்கு விற்றல் குற்றமாகும். வேர் அகழ்தல் அவர்களுக்குப் பிழைப்பு மாத்திரமன்று, அரசுக்குச் செலுத்தும் ஊழியமும் அதுவே. யாழ்ப்பாணத்துக் கொமாண்டராயிருந்து பின்னாளிற் பத்தாவியாவின் மகா தேசாதிபதியாக உயர்ந்த ஹென்றிக் சுவார்டெக்குறூன், 1697இல் தமக்குப் பின்வருவோர்க்கு எழுதிவைத்த நினைவுக்குறிப்பிலே சாயவேருக்கும் சாயத்தொழிலுக்கும் இடம் ஒதுக்கியுள்ளார். 1911இல் சோபியா பீற்றர்ஸ் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார். ஆட்சியாளரின் ஏட்டிலே வேர் வருமானமாகத் தோன்றுகிறது. அகழ்ந்தவனின் முதுகு எவ்வளவு வளைந்தது என்பதை எழுதுவதற்கு அத்தகைய ஏட்டில் இடமில்லை. வரலாற்று மாணவன் இத்தகைய ஆவணங்களைப் படிக்கும்போது வரிகளுக்கிடையே நிற்கும் மனிதரையும் தேடுதல் வேண்டும்.

எதிர்க்கரையாகிய சோழமண்டலத்திலிருந்து நெசவாளரையும் சாயத்தொழிலாளரையும் வருவித்து யாழ்ப்பாணத்திலேயே தொழிலை நிலைபெறச் செய்யவும் ஒல்லாந்தர் முயன்றனர். ஆயினும் வேரின் முழு ஆற்றலும் வெளிப்பட்டது எதிர்க்கரையிலே, எழுதுகோல் கொண்டு துணியிற் சித்திரம் தீட்டுவோர் கையிலேதான்.

அத்தொழிலின் நுட்பத்தைச் சற்று விரித்துரைப்பது அவசியம். ஏனெனில், துணியின் மேல் சிவப்பு மையைப் பூசுவதே அத்தொழில் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவ்வோவியர் சிவப்பைத் தீட்டுவதேயில்லை. வெளுத்த துணி முதலிலே கடுக்காய்ச்சாறும் எருமைப்பாலும் கலந்த கலவையில் ஊறி உலரும். பால் இருப்பதனால் பின்னர் தீட்டும் நீர்மம் நூலிழை வழியே பரவாது நிற்கும். கோலம் வரைந்த தாளின் கோடுகள் நெடுகிலும் ஊசியால் நுண்டுளைகள் இட்டு, துணிமேல் அதனை விரித்து, கரித்தூள் முடிந்த துணிப்பொட்டலத்தால் ஒற்றுவர். துணியிற் புள்ளிவரிசை விழும். அதன்மேல் கரிய கோடுகளை, இரும்புத்துண்டுகளை வெல்லநீரிற் புளிக்கவைத்துப் பெற்ற கரைசலால் இழுப்பர். சிவக்க வேண்டிய இடங்களிலே படிகாரநீரைத் தீட்டுவர். படிகாரநீர் ஏறக்குறைய நிறமற்றது. ஓவியன் தன் கண்ணுக்கு நன்கு புலப்படாத ஒன்றைக் கொண்டே பூவிதழின் உட்சிவப்பையும் ஓரச்சிவப்பையும் வேறுபடுத்தி எழுத வேண்டியவனாகிறான். இதன் பின்னர் துணி சாயவேர் கொதிக்கும் கலத்தில் இறங்கும். படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். பிற இடங்களிற் பற்றிய சிறு செம்மையைச் சாணநீரில் ஊறவைத்து வெயிலிற் பலநாள் விரித்து நீக்குவர். நீலம் வேண்டுமிடம் தவிர எஞ்சிய பகுதியை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். மஞ்சளை இறுதியிலே தீட்டுவர். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டப் பச்சை பிறக்கும். அம்மஞ்சள் விரைவிற் கழுவிப்போவதால், இன்று அரும்பொருட்சாலைகளிலுள்ள பழந்துணிகளில் இலைகள் பெரும்பாலும் நீலமாகவே காட்சியளிக்கின்றன. சிவப்போ முந்நூறு ஆண்டுகள் கடந்தும் மங்கவில்லை.

இவ்வாறு எழுதப்பட்ட துணியே வடமொழி வழக்குகள் வாயிலாகச் சிண்ட்ஸ் என ஐரோப்பாவுக்கும், சீத்தை என நமது பேச்சுவழக்குக்கும் வந்து சேர்ந்தது. அத்துணிகளுள் பெருமதிப்புப் பெற்றது பலம்பூர் என்ற கட்டில்விரிப்பாகும். கட்டிலை மூடுவது எனப் பொருள்படும் பாரசீக, இந்துஸ்தானிச் சொல்லான பலங்போஷ் என்பதன் திரிபு அது. குன்றொன்றின் மேல் நிமிர்ந்தெழுந்து, உலகில் எந்த நிலத்தும் காணவியலாத பலவகைப் பூக்களை ஒரே கிளையில் தாங்கும் மரம் அதன் நடுவே நிற்கும். அதனை விரிப்பாகப் பயன்படுத்தினர். பஞ்சு வைத்துத் தைத்துப் போர்வையாகவும் பயன்படுத்தினர்.

கோலத்தின் உரிமை பற்றிய வினா இங்கே எழுகின்றது. 1643இல் இலண்டனிலிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனியின் பணிப்பாளர்கள் சூரத்திலிருந்த தம் முகவர்களுக்கு எழுதிய கடிதமொன்று துணி வரலாற்றாசிரியர்கள் பலராலும் எடுத்தாளப்படுவது. வந்துசேரும் போர்வைகளிற் பெரும்பாலானவற்றின் நிலம் மங்கிய சிவப்பாயிருத்தலால் எல்லா வாங்குவோர்க்கும் அவை உவப்பளிக்கவில்லை என்றும், இனி வெண்ணிலம் மிகுதியாய் அமைந்து, பூவும் கொடியும் போர்வையின் நடுவிலே வண்ணமாய் வருதல் வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். அக்கடிதத்திலே குறிப்பிடத்தக்கது, நடுவிலமையும் பூவேலையை ஓவியனின் விருப்புக்கு விட்டுவிட்டமையாகும். நிலத்தின் நிறம் வணிகனின் கட்டளை, பூ ஓவியனின் மனம் என்ற இப்பங்கீடு நெடுநாள் நீடிக்கவில்லை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்தே மாதிரிகள் வரத் தொடங்கின. ஆங்கிலேயர் விரும்பிய சீனச் சாயலை, சீனத்தைக் கண்டிராத சோழமண்டல ஓவியன் எழுதினான். அவன் எழுதியதைச் சீனத்தது என்றோ இந்தியாவினது என்றோ வேறுபாடின்றி வாங்கினர். அப்பூமரம் எந்த நாட்டு மரம் என்ற ஆராய்ச்சி இன்றுவரை முடிந்தபாடில்லை. கேட்டவனின் அரைகுறை வருணனையும் எழுதியவனின் கற்பனையும் கூடிப் பெற்ற பிள்ளை அது என்பதே எமது கருத்து.

சீத்தையின் செல்வாக்கு ஐரோப்பிய நெசவாளரை அச்சுறுத்தியது. பிரான்சு 1686இல் அதனைத் தடைசெய்து 1759 வரை தடையை நீடித்தது. இங்கிலாந்து 1701இல் ஒரு தடையையும் 1720களின் தொடக்கத்தில் கடுமையான மற்றொரு தடையையும் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஒல்லாந்தர் தடைவிதிக்கவில்லை, வணிகம் அவர்களுடையதாகையால். கிடைத்தற்கரிய பொருளின் துண்டும் மதிப்புப் பெறும் அன்றோ? இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லெவன்ஸ் மாளிகையில் 1708ஆம் ஆண்டளவிற் செய்யப்பட்டதாகக் கருதப்படும் கட்டில்திரைகளும் போர்வையும் உள்ளன. இந்தியச் சீத்தைத் துண்டுகளை வடிவம் வடிவமாக வெட்டிப் பொருத்தித் தைத்தவை அவை. அந்நாட்டில் எஞ்சியுள்ள ஒட்டுத்துணிப் போர்வைகளுள் மிகப் பழையவை அவையே என்பர். பின்னர் சீத்தையின் பூக்களைத் தனித்தனியே கத்தரித்து வெற்றுத்துணியின் மேல் ஒட்டித் தைக்கும் முறையும் பரவிற்று. அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் அது சென்றது. இன்று பெரும் வணிகமாய் விளங்கும் போர்வைக்கலையின் வேர்களுள் ஒன்று, உருவகமாக அன்றி உண்மையாகவே, இந்தக் கடற்கரை மணலில் இறங்கியிருந்தது எனலாம்.

துணி சென்ற வழியே தொழில்நுட்பமும் சென்றது. பிரெஞ்சு யேசுசபைத் துறவியான கேர்டூ 1742இலும் 1747இலும் எழுதிய கடிதங்களிலே சாயமேற்றும் முறையைப் படிப்படியாக விவரித்தார். அத்தொழிலிலிருந்து புதிதாய்க் கிறித்தவரானோரிடம் கேட்டறிந்தவை அவை. தம் குருவுக்குத் தொழிலின் மறையை உரைத்த அவ்வெளியோர், அது எத்துணை விலை பெறும் என்பதை அறிந்திருக்க நியாயமில்லை. 1760இல் பிரான்சின் ஜூயி என்ற ஊரிலே ஓபர்காம்ப் அச்சுத்துணி ஆலையை நிறுவினார். 1783இல் அவ்வாலைக்குக் கோலம் வரைய அமர்த்தப்பட்ட ஓவியர் ஜான் பப்திஸ்த் ஹ்யூவே என்பார். அவர் பெயர் இன்றும் துணி வரலாற்றிலே பேசப்படுகிறது. 1787இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், பருத்தித்துணியில் புதிய கோலம் வகுத்து அச்சிடுவோர்க்கும் அச்சிடுவிப்போர்க்கும் இரண்டு மாதகாலத் தனியுரிமை அளித்துச் சட்டமியற்றிற்று. இரண்டு மாதம் அற்பமே. ஆயினும் கோலம் என்பது உடைமை என்ற கொள்கை சட்டத்தில் ஏறிவிட்டது.

சோழமண்டலத்தில் எழுதியவனின் பெயரோ எங்கும் இல்லை. துணியின் பின்புறத்தைத் திருப்பினால் சிலவற்றிற் கொம்பனியின் முத்திரை காணப்படும். ஒல்லாந்தக் கொம்பனியின் மூன்றெழுத்து முத்திரை பதித்த துணிகள் இந்தோனேசியத் தீவுகளிற் குலச்சொத்தாகப் பேணப்பட்டமை நன்கறிந்த செய்தி. வாங்கியவன் பெயர் துணியில் நின்றது. எழுதியவனும், அவனுக்கு வேர் தந்தவனும் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தோன்றிய வரலாற்றறிஞரான சின்னப்பா அரசரத்தினம் 1986இல் வெளிவந்த தம் நூலிலே சோழமண்டல வணிகர்களையும் கொம்பனிகளையும் விரிவாக ஆராய்ந்தார். வணிகர்களைப் பற்றி அவ்வாறு எழுத ஆவணம் உண்டு. ஓவியர்களைப் பற்றி எழுத அவர்கள் துணியே ஆவணம்.

வீழ்ச்சியை நீட்டிக் கூற வேண்டியதில்லை. 1796இல் இலங்கையின் கரைநாடுகள் பிரித்தானியர் வசமாயின. வேர்க் குத்தகை அவர்கள் காலத்திலும் தொடர்ந்தது. 1817இல் பெர்தொலாச்சி வெளியிட்ட இலங்கைப் பொருளாதார நூலிலும் அது பேசப்படுகிறது. மஞ்சிட்டியின் இனத்ததான ஐரோப்பியச் சாயச்செடி சந்தையை நெருக்கியது. இறுதி அடி ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற ஜேர்மானியர் இருவர் அலிசரின் என்னும் செஞ்சாயப் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். அவ்வைரோப்பியச் செடியின் வேரில் உள்ளதும் அலிசரினே, நமது சாயவேரின் பட்டையில் உள்ளதும் அலிசரினே. வேறொரு சிவப்பு வந்து பழைய சிவப்பை வென்றதன்று. அதே சிவப்பு, மண்ணும் மனிதனும் இன்றிக் கலத்திற் பிறந்தது. தலைமுறை தலைமுறையாக அகழ்ந்த கைகளுக்கு வேலையற்றுப்போயிற்று. ஊழியத்தின் சுமை நீங்கியமை நன்றே. ஆனால் கைத்திறனுக்குரிய பயன் ஒருநாளும் அவர்களைச் சேராமலே தொழில் மறைந்தது.

எழுத்துக்கலை முற்றாக அழிந்துவிடவில்லை. கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சியால் 1950களில் திருக்காளத்தியிற் பயிற்சிக்கூடம் அமைந்தது. தஞ்சைப் பகுதியிலே கோடாலிக் கருப்பூர்ச் சேலைகள் அரசவையோடு மறைந்தபோதிலும், சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிற் படாம் எழுதும் மரபு தொடர்கின்றது. இலங்கையில் வேறொரு வகையான மலர்ச்சியை 1960களிலே காண்கிறோம். கன்னியர் நடத்திய நெசவு நிலையத்துப் பெண்களுக்காக வண்ணக்கோடுகளை வகுக்கத் தொடங்கிய பார்பரா சன்சோனி, பெயர்பெற்ற கைத்தறி நிறுவனமொன்றை உருவாக்கினார். ஏனா டி சில்வா, லக்கி சேனநாயக்க முதலிய கலைஞரோடு சேர்ந்து பத்திக் துணிக்குப் புதுவாழ்வு தந்தார். பெந்தோட்டை ஹோட்டலொன்றின் முகட்டை அவரது பத்திக் அணிசெய்தது. இவ்விருவரும் சிறிதாய்த் தொடங்கியவர்கள். கோலம் வகுத்தவரின் பெயராலேயே துணி அறியப்பட்டமை இவர்களால் நம் நாட்டில் ஏற்பட்ட புதுமை. தறியிலும் மெழுகிலும் உழைத்த பெண்களின் பெயர்கள் அவ்வளவாக அறியப்படவில்லை என்பதையும் கூறாது விடுதல் முறையன்று.

இன்று மேனாடுகளிலே போர்வைத் துணிகளுக்குக் கோலம் வகுப்போர் பலர் தனியொருவராகவே தொழில் புரிகின்றனர். ஒருவர் வீட்டிலிருந்து வரைகிறார். ஆலை அதனை அச்சிட்டு, விற்பனைக்கேற்ப உரிமைப்பணம் தருகிறது. தைக்கும் முறையையும் வெட்டும் அளவையும் தாளில் அச்சிட்டுத் தனியே விற்போரும் உளர். அத்துணிகளின் ஓரக்கரையிலே, பயன்படுத்திய நிறங்களைக் காட்டும் வட்டப்பொட்டுகளுக்கு அருகே, வகுத்தவரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். போர்வை தைப்போர் அக்கரையை வெட்டி எறியாது சேர்த்து வைப்பதும் உண்டு. கொம்பனி முத்திரையிலிருந்து இவ்வோரப் பெயருக்கு வருவதற்கு மூன்று நூற்றாண்டுகள் சென்றன. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கைத்தொழில் வடிவமைப்புகளைப் பதிவுசெய்ய வழிவகுத்துள்ளது.

தீவகத்து மக்களுக்குப் பஞ்சுப்போர்வை தேவைப்பட்டதில்லை. வெக்கை மிகுந்த மண் இது. உலகின் கட்டில்களைச் சிவப்பித்த வேரை அகழ்ந்தவர் பாயிலேதான் படுத்தனர். அப்பாயை நோக்கினால் ஒன்று புலப்படும். பனையின் சார்வோலையை வார்ந்து, சிலவற்றுக்குச் சாயமேற்றி, எண்ணி எண்ணி இழைத்துக் கட்டமும் சாய்சதுரமும் ஏறுபடியும் தோன்றச் செய்யும் பன்னவேலை, துண்டுத்துணி பொருத்தும் கணக்கோடு ஒத்த கணக்குடையது. தாளில் வரைந்த மாதிரி அதற்கில்லை. தாயின் விரலைப் பார்த்து மகள் எண்ணப் பழகுகிறாள். மூடற்பெட்டியிலும் நீற்றுப்பெட்டியிலும் சுளகின் விளிம்பிலும் அதே எண்ணிக்கை வேறுவேறு முகங்காட்டும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியபின் இவ்வேலை சந்தைப்பொருளாயிற்று. 1990இல் தீவகத்தாரிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தபோது வீடும் வளவும் விட்டுச் சென்றனர். விரல்களின் கணக்கு அவர்களோடு சென்றது. மீண்டு வந்தோரிடம் அது மீண்டும் வந்தது.

சாயவேரைப் பற்றிக் கேட்டறியத்தக்க முதியோர் இனி இல்லை. பன்னவேலை தெரிந்த முதிய பெண்கள் வேலணையிலும் நெடுந்தீவிலும் புங்குடுதீவிலும் இன்னும் உளர். எந்தக் கோலத்தை யாரிடம் கற்றனர், அதனை எப்பெயரிட்டு அழைக்கின்றனர், எதனைத் தாமே புதிதாய் வகுத்தனர் என்பவற்றை அவர்கள் பெயரோடு சேர்த்துப் பதிவுசெய்யும் பணியைப் பல்கலைக்கழக மாணவர் விடுமுறை நாட்களிலேயே தொடங்கலாம். கொப்பியும் புகைப்படக் கருவியும் ஊர்காவற்றுறை வீதியிற் செல்லும் பேருந்தில் ஓர் இருக்கையுமே அதற்குப் போதுமானவை.